நடுத்தீர்ப்பாளர் எதை விசாரிக்கலாம்?

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் சோளம் செய்யும் குடும்பம் ஒன்று, விதையும் பசளையும் கடனாகத் தரும் நிறுவனத்துடன் உடன்படிக்கை எழுதுகிறது என வைத்துக்கொள்வோம். பிணக்கு ஏற்பட்டால் நடுத்தீர்ப்பாளர் தீர்ப்பார் என்று அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கும். நாம் வாசிக்காமலே கையொப்பம் வைக்கும் இடம் அதுதான்.

மத்தியஸ்த சபை இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயலும். விருப்பமில்லையேல் நாம் இணங்க வேண்டியதில்லை. நடுத்தீர்ப்பாளரோ தீர்ப்பே அளிப்பார். அது எம்மைக் கட்டுப்படுத்தும். ஆயினும் அவருடைய நியாயாதிக்கம் இரு தரப்பும் எழுத்தில் கொடுத்த அளவுதான்.

சோளத்தின் விலை குறைத்துக் கொடுக்கப்பட்டதென நாம் முறையிடுகிறோம். விசாரணை நடக்கும்போது நிறுவனம், விதைக்கடன் பாக்கி என்று புதிய கோரிக்கை ஒன்றை முன்வைக்கிறது. அது இதே உடன்படிக்கையின் கடன். வாசகமும் “இவ்வுடன்படிக்கையிலிருந்து எழும் எல்லாப் பிணக்குகளும்” என்றிருந்தால் அவர் அதையும் விசாரிக்கலாம். ஆனால் முந்திய போகத்தில் வாய்ப்பேச்சில் வாங்கிய உழவுக்கூலிக் கடன் வேறு. அதற்கு இந்த வாசகம் பொருந்தாது. அவ்வேளை “இது உங்கள் நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதல்ல” என்று உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லாமல் தொகையைப் பற்றி மட்டும் வாதாடினால், நாம் சம்மதித்ததாகவே பின்னர் பேசப்படும்.

நீதிமன்றத்திலும் மௌனம் ஆபத்தானது. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, நடுத்தீர்ப்புக்கு உடன்பட்ட ஒருவர் அதே விடயத்தில் வழக்குப் போட்டால், மற்றவர் ஆட்சேபித்தால்தான் நீதிமன்றம் நியாயாதிக்கம் இழக்கும். ஆட்சேபிக்காமல் மறுமொழி அணைத்து வழக்காடினால் நடுத்தீர்ப்பு உரிமையைக் கைவிட்டதாகிவிடும். இது இரு பக்கமும் வெட்டும்: நாம் வழக்குப் போட நிறுவனம் பேசாதிருந்தால், வழக்கு அங்கேயே நடக்கும். நடுத்தீர்ப்பாளரின் கட்டணத்தை நினைத்தால் சிலவேளை அதுவே எமக்கு நல்லது.

எல்லை மீறிய தீர்ப்பை நீக்கும்படி, அது கிடைத்து 60 நாட்களுக்குள் மேல் நீதிமன்றத்தைக் கேட்கலாம். மீறிய பகுதியைப் பிரிக்க முடிந்தால் அப்பகுதி மட்டுமே நீக்கப்படும். இடம் மாறியவர்கள் புதிய முகவரியை நிறுவனத்துக்கும் நடுத்தீர்ப்பாளருக்கும் பதிவுத்தபாலில் அறிவித்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். உடன்படிக்கைப் பிரதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பிணக்கு வருமுன்னரே நிறுவனத்திடம் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.