நம் கணக்கு எவ்வழியே செல்கிறது?
கணிப்பொறி வலைப்பின்னல்களின் வகைகளும் பயன்களும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குப் பேரேடு பழகிய பொருள். கடன் தவணை, நூல் இருப்பு, நெசவுக் கூலி, உரத்துக்குப் பெற்ற முன்பணம் யாவும் அதில் பதிவாகும். ஐயம் எழுந்தால் ஏட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். இன்று பல சங்கங்களில் அவ்வேட்டின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்துவிட்டது. ஏடு அலமாரியில் இருந்ததை யாவரும் அறிவோம். கணிப்பொறியில் ஏறிய கணக்கு எங்கே இருக்கிறது, எவ்வழியே செல்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதை அறிய வலைப்பின்னல்களின் வகைகளை அறிதல் வேண்டும்.

கணிப்பொறிகளும் பிற கருவிகளும் தமக்குள் செய்தியைப் பரிமாறிக்கொள்ளுமாறு, கம்பியாலோ கம்பியின்றியோ இணைத்து அமைப்பதே வலைப்பின்னல். அது எட்டும் தூரத்தைக் கொண்டு அதனை வகைப்படுத்துவர்.

முதலாவது, கைக்கெட்டும் கருவிகளை மட்டும் இணைப்பது. கைபேசியையும் காதுக்கருவியையும் இணைக்கும் புளூடூத் இவ்வகையைச் சேர்ந்தது. பொதுவாகப் பத்து மீட்டர் தூரத்துக்குள் அது இயங்கும். தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அவற்றுள் பலவற்றில் எடைத்தராசும் விற்பனைக் கருவியும் இம்முறையால் இணைக்கப்பட்டுள்ளன. தராசு காட்டும் எடை நேரே கருவிக்குச் செல்வதால், எடைக் குறைவு என்னும் பழைய குறைக்கு இச்சிறு இணைப்பு ஒரு காவலாகிறது.

இரண்டாவது, ஒரு கட்டடத்துக்குள் அமைவது. எழுத்தர், காசாளர், செயலாளர் ஆகியோரின் கணிப்பொறிகளும் பொதுவான ஓர் அச்சுப்பொறியும் 'சுவிட்ச்' எனும் சிறு பெட்டியில் வந்து கூடும். இதற்குப் பெரும்பாலும் பயன்படும் ஈத்தர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. செப்புக் கம்பி ஒவ்வொன்றும் 100 மீட்டருக்கு மிகாதிருத்தல் வேண்டும். காசாளர் வரவு வைத்த தொகையைச் செயலாளர் அக்கணமே காண்பதும், ஒரே பதிவை மூவர் மூன்று முறை எழுதாதிருப்பதும் இதன் பயன்கள்.

மூன்றாவது, ஒரு நகரளவு பரவுவது. அம்பத்தூரில் தலைமை அலுவலகமும், ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் கிளைகளும் கொண்ட ஒரு நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். அவற்றைச் சாலையோரம் புதைத்த கண்ணாடியிழை வடத்தால் இணைக்கலாம். அவ்விழையில் செய்தியைச் சுமந்து செல்வது ஒளி. ஒரு கிளையில் தீர்ந்த சரக்கு மற்றொன்றில் உள்ளதா என்பதை ஆள் அனுப்பாமலே அறியலாம்.

நான்காவது, மாவட்டங்களையும் மாநிலங்களையும் தழுவுவது. ரயில் முன்பதிவு இதற்குத் தக்க சான்று. 1980-களில் பெருநகரங்களில் கணிப்பொறி முன்பதிவு தனித்தனியே தொடங்கிற்று. 1999-இல் அவை ஒன்றாகப் பின்னப்பட்ட பின்னரே, ஓரூரில் இருந்துகொண்டு வேற்றூரிலிருந்து புறப்படும் வண்டிக்கும் இடம் பெறுவது எளிதாயிற்று. கூட்டுறவுத் துறையிலும் இம்முயற்சி நடைபெறுகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் இசைவளித்தது. தொடக்கச் சங்கம், மாவட்ட மத்திய வங்கி, மாநிலத் தலைமை வங்கி, நபார்டு என்னும் படிகளை ஒரே தொடர்பில் கொணர்வது அதன் நோக்கம்.

ஐந்தாவது, இவ்வலைகளையெல்லாம் இணைக்கும் பெருவலையாகிய இணையம். 1969-இல் அமெரிக்காவில் இரு கணிப்பொறிகளுக்கிடையே தொடங்கிய முயற்சியின் வழிவந்த இது, இந்தியப் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்டு 15 அன்று திறக்கப்பட்டது. சென்னைக் கரையிலிருந்து கடலடி வடங்கள் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. அந்தமானுக்கு இட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வடம் 2020-இல் பயனுக்கு வந்தது. 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வட்டாரத்திலேயே இன்று பல நிறுவனங்களின் கணக்குகளைக் காத்து வைக்கும் தரவு மையங்களும் இயங்குகின்றன. கோ-ஆப்டெக்ஸின் கைத்தறிப் புடவையைத் தொலைவிலுள்ளவர் வாங்குவதும், 2016-இல் தொடங்கிய தேசிய வேளாண் மின்னணுச் சந்தையில் விளைபொருளுக்கு விலை கேட்பதும் இணையத்தின் வழியே நிகழ்கின்றன.

இணையம் யாவரும் நடக்கும் பொதுச் சாலை. அதில் நம் கணக்கைத் திறந்த வண்டியில் அனுப்பலாகாது. செய்தியை மறைகுறியாக மாற்றிப் பூட்டி அனுப்பும் தனிவழி முறை ஒன்று உண்டு. வங்கிகளும் அலுவலகங்களும் அதனைக் கையாள்கின்றன. வலை விரியுந்தோறும் பயன் பெருகும். அதனை எட்டக்கூடிய கைகளும் பெருகும். ஆகவே அங்கத்தினரின் விழிப்பும் பெருக வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. நம் கணக்கு சங்கத்துப் பெட்டியில் உள்ளதா, வெளியே உள்ளதா? அதன் மறுபடி வேறோர் இடத்தில் காக்கப்படுகிறதா? ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் உண்டா, அல்லது ஒன்றையே அனைவரும் உபயோகிக்கின்றனரா? தொடர்பு அறுந்த நாளில் பணம் கட்டியவருக்குக் கையெழுத்திட்ட ரசீது கிடைக்குமா?

நம் பங்குக்கும் கடமை உண்டு. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண்ணை யார் கேட்பினும் கூறலாகாது. மோசம் போனதாகத் தோன்றினால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு முறையிட வேண்டும். பாஸ் புத்தகத்தை மாதந்தோறும் பதியச் செய்து, கைவசமுள்ள ரசீதுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

பேரேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை அங்கத்தினருக்கு என்றும் உண்டு. ஏடு திரையாக மாறியதனால் அவ்வுரிமை மாறிவிடவில்லை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டுவதில்லை, கணக்கு நம்முடையது.