‘அப்நார்மல்’ என்று அச்சாகி வந்தால்

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு இசிஜி எடுத்து வரச் சொன்னார்கள் என்று பெரியப்பா தில்லைநகர் போய்விட்டு வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள், கையில் இருந்த தாளை எத்தனை முறை பிரித்துப் பார்த்திருப்பார் என்று தெரியவில்லை. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. மேல் ஓரத்தில் ‘அப்நார்மல் இசிஜி’. அதற்குக் கீழே ‘லேட்டரல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடர்மின்ட்’. அடுத்த வரியில் ‘ரைட் பண்டில் பிரான்ச் பிளாக்’.

“எனக்கு எப்படா அட்டாக் வந்துது? வயசைக் கூட தப்பா போட்டிருக்கான் பார்” என்றார்.

அந்த ‘ஏஜ்’ அவருடைய வயது இல்லை. இதயத் தசையில் பழைய காயத்தின் தழும்பு போல ஏதோ தெரிகிறது, அது எப்போது ஏற்பட்டது என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். சொன்னது யார்? மருத்துவர் அல்ல, மெஷின். தாளின் ஓரத்தில் பெரும்பாலும் ‘அன்கன்ஃபர்ம்ட்’ என்றும் அச்சாகியிருக்கும். மருத்துவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அது முடிவான அறிக்கை இல்லை. அலையின் உயரத்தையும் அகலத்தையும் மெஷின் அளக்கும். அதற்குள் ஏற்றி வைத்திருக்கும் எல்லையை ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலும் ‘அப்நார்மல்’ என்று எழுதிவிடும். ஆபத்தை விட்டுவிடக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் ஆபத்தில்லாதவரும் அதில் மாட்டுவார்.

தாளைப் படிக்கும் அடிப்படை அவ்வளவு கடினமில்லை. வழக்கமான வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மில்லிமீட்டர் தாள் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு சீராக இருந்தால், ஒரு கூர் முனையிலிருந்து அடுத்த கூர் முனை வரை எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் நாடித் துடிப்பு கிடைக்கும். நான்கு கட்டம் என்றால் 75. முதலில் வரும் சின்ன மேடு ‘பி’, இதயத்தின் மேலறைகள் மின்னூட்டம் பெறுவது. உயரமான கூர்முனை ‘க்யூஆர்எஸ்’, கீழறைகள். பின்னால் வரும் மேடு ‘டி’, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவது. இந்த எழுத்துகளை வைத்தவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன், பிறந்தது ஜாவாத் தீவில். அவர் காலத்தில் நோயாளி உப்புநீர்த் தொட்டிகளில் கைகளையும் ஒரு காலையும் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மறுநாள் எங்கள் குடும்ப டாக்டர் தாளை வாங்கியதும் மேலே அச்சாகியிருந்த வரிகளைப் படிக்கவில்லை. நேராக ‘லீட் ஒன்று’ என்ற வரிசையில் விரலை வைத்தார். அதில் எல்லா அலைகளும் தலைகீழாக இருந்தன. வழக்கமாகத் தலைகீழாக இருக்க வேண்டிய ‘ஏவிஆர்’ நிமிர்ந்து நின்றது. “வலது கை கிளிப்பை இடது கையில மாட்டிட்டாங்க. இன்னொரு தடவை எடுத்துடுங்கோ” என்றார். ஐந்து நிமிட வேலை. இரண்டாவது தாளில் ‘இன்ஃபார்க்ட்’ இல்லை.

உடம்பில் பத்து இடத்தில் ஒயர் மாட்டுகிறார்கள். மார்பில் வைக்கும் ரப்பர் குமிழ் ஒரு விலா எலும்பு இடைவெளி மேலே ஏறினால் படம் மாறும். ஏசி குளிரில் உடம்பு நடுங்கினால், பார்க்கின்சன் கையாட்டம் இருந்தால், அடிக்கோடு முழுக்க மணல் தூவியதுபோல வரும். அதை மெஷின் வேறு ஏதாவதாகப் படித்துவிடக்கூடும். எதிர்பாராத முடிவு வந்தால் ‘இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா’ என்று கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது.

ஆனால் ‘ரைட் பண்டில் பிரான்ச் பிளாக்’ இரண்டாவது தாளிலும் அப்படியே இருந்தது. பெரியம்மாவுக்குத் தூக்கம் போனது அதனால்தான். நம் ஊரில் ‘ஹார்ட்ல பிளாக்’ என்றால் ரத்தக் குழாய் அடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட், கடன். இந்த பிளாக் அது இல்லை. இதயத்துக்குள் மின்சாரம் இறங்கிப் போகும் பாதை வலம், இடம் என்று கிளை பிரிகிறது. வலது கிளையில் கம்பி தேய்ந்தால், மின்சாரம் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். இது ஒயரிங் சமாச்சாரம். குழாய் அடைப்பை இசிஜி நேராகக் காட்டாது, அதைக் காட்டுவது ஆஞ்சியோகிராம். இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று காட்டுவது எக்கோ. தொந்தரவு எதுவும் இல்லாத பெரியவர்கள் பலருக்கும் வலது கிளைத் தடை இருக்கும், மருந்து வேண்டியதில்லை. இடது கிளைத் தடை அப்படியல்ல, காரணம் தேட வேண்டும். மேலறையிலிருந்து கீழறைக்குச் சமிக்ஞையே போகாத ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’கோ முற்றிலும் வேறு. நாடி நாற்பதுக்குக் கீழே கூடப் போகலாம், தலைசுற்றி விழுவார்கள், பெரும்பாலும் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். மூன்றுக்கும் பெயரில் ‘பிளாக்’ என்ற ஒரே சொல் இருப்பது நமக்கு நேர்ந்த கஷ்டம்.

‘நான்-ஸ்பெசிஃபிக் எஸ்டி-டி சேஞ்சஸ்’ என்ற வரியும் பலரைப் பயமுறுத்துகிறது. ‘க்யூஆர்எஸ்’ஸுக்கும் ‘டி’க்கும் இடையில் உள்ள ‘எஸ்டி’ பகுதியிலோ ‘டி’ மேட்டிலோ, இன்னதுதான் காரணம் என்று சுட்ட முடியாத சிறு மாற்றம் என்பதே அதற்கு அர்த்தம். ரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவு, படபடப்பு, எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. ‘பி’ மேடே இல்லாமல் துடிப்பு தாறுமாறான இடைவெளியில் வந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக்கூடும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ‘டி’ கூடாரம் போலக் கூர்ந்து உயர்ந்தால் பொட்டாசியம் ஏறியிருக்கலாம், அன்றைக்கே பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோடு ‘எஸ்டி’ பகுதி அடிக்கோட்டை விட்டு மேலே எழும்பி நின்றால் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது.

எனக்கு அதிகம் பயம் தருவது ‘நார்மல்’ என்று வரும் தாள்தான். மாரடைப்பின் ஆரம்பத்தில் எடுக்கும் முதல் இசிஜி சாதாரணமாக இருக்க முடியும். வலி நிற்கவில்லை என்றால் சிறிது நேரத்தில் திரும்ப எடுப்பார்கள், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ‘இசிஜி நார்மல், வெறும் கேஸ்தான்’ என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். ஸ்ரீரங்கம் ஆறு சூழ்ந்த தீவு. புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் காவிரியைத் தாண்டியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இசிஜி தாள் சரியான நேரத்தில் சரியான கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து, ‘எஸ்டி’ எழும்பிய மாரடைப்பு நோயாளிகள் 2,420 பேரைக் கவனித்த ஆய்வு 2017-இல் வெளியானது. இணைப்பு வருவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், வந்த பிறகு 14.2. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டர்வாஸ்டாட்டின் என்று பதினான்கு மாத்திரைகளை ஒரே வேளையில் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

பெரியப்பாவின் கதை ஒரு பழைய ஃபைலில் முடிந்தது. “முன்னாடி எப்பவாவது எடுத்திருக்கேளா?” என்று டாக்டர் கேட்டபோது பெரியம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். 2016-இல் குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்தது. அசல் தாள் வெப்பத்தில் அச்சாகும் ரகம், பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்து வெளுத்து வெறும் கட்டங்கள்தான் மிச்சம். நல்லவேளை, பெரியம்மா அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தாள். டாக்டர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே அகலமான கூர்முனை, அதே இடத்தில், அதே வளைவு. “இத்தனை வருஷமா இப்படியேதான் இருக்கு. கண்ணை ஆபரேஷன் பண்ணிக்கோங்கோ” என்று எழுதிக் கொடுத்தார்.