தையல் காசு அடைத்த வீட்டுக் கடன்

வீட்டுக் கடன் என்றால் இருபது வருஷம் என்று நம்மில் பலர் மனதில் முடிவு கட்டிவிடுகிறோம். பாங்கில் ஒரு தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அதுவரை மாசா மாசம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று பெருமூச்சு விடுகிறோம். சம்பளம் குறைந்த வீட்டில் அதைச் சீக்கிரம் அடைப்பதைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வேறு. "மாசக் கடைசியில பால்காரருக்கே பாக்கி. இதுல கடனை முன்கூட்டியே அடைக்கிறாளாம்!" என்று என் நாத்தனாரே சொன்னதுண்டு.

ஆனால் எங்கள் வீட்டில் அது நடந்தது. 2012 செப்டம்பரில் வாங்கி, 2032 வரை போக வேண்டிய கடன் 2024 ஜனவரியில் தீர்ந்தது. நிலம் எதையும் விற்கவில்லை, யாரும் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. என்னைப் போன்ற சகோதரிகளுக்குப் பயன்படுமே என்று அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிலைமை

கோயம்புத்தூரில் துடியலூர் தாண்டி, மாமனார் கொடுத்த இரண்டு சென்ட் இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். என் கணவர் லேத் பட்டறையில் ஆபரேட்டர். அப்போது சம்பளம் 14,500 ரூபாய். நான் பத்தாவது வரை படித்தவள்; வீட்டில் பிளவுஸ் தைப்பேன். பாங்கில் வாங்கிய கடன் ஆறு லட்சம். வட்டி பத்தரை சதவீதம். மாதத் தவணை 5,990 ரூபாய்.

அவருக்கு அப்போது வயது 41. இருபது வருஷம் என்றால் 61 வயது வரை லேத் முன்னால் நிற்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்றே பார்க்கிற வேலை. அப்போதே மாலையில் வீட்டுக்கு வந்தால் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்து நிற்கும். வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். "இந்தக் கால் இன்னும் இருபது வருஷம் தாங்குமா?" என்ற கேள்விதான் என்னைக் கணக்குப் போட வைத்தது.

வட்டி செய்யும் வேலை

முதல் வருஷம் முடிந்ததும் பாங்கில் ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு தவணையில் நாங்கள் கட்டியது 71,880 ரூபாய். கடன் குறைந்தது 9,300 சொச்சம். மீதியெல்லாம் வட்டி! முதல் தவணையில் மட்டும் 5,250 ரூபாய் வட்டிக்குப் போய், அசலில் கழிந்தது வெறும் 740.

இது ஏமாற்று அல்ல. மீதி இருக்கிற அசலுக்குத்தான் வட்டி போடுகிறார்கள். ஆரம்பத்தில் அசல் மலைபோல் இருக்கிறது. ஆகையால் வட்டியும் அதிகம். இப்படியே தவணையை மட்டும் கட்டிக்கொண்டு போனால், ஆறு லட்சத்தில் பாதி அடையவே பதினாலரை வருஷம் ஆகும். முழுதும் முடிக்கும்போது கட்டியிருப்பது பதினாலு லட்சத்துக்கு மேல்.

இதிலேயே நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. தவணைக்கு மேல் கூடுதலாக நாம் கட்டுகிற காசு முழுதும் அசலில் கழிகிறது. முதல் வருஷ முடிவில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால், கடைசியில் கட்ட வேண்டிய தவணைகளில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் குறைகிறது. அதே ஆயிரத்தைப் பதினைந்தாவது வருஷ முடிவில் கட்டினால் குறைவது 1,700 கூட இல்லை. அதாவது, "பின்னாடி சம்பளம் ஏறட்டும், மொத்தமாக் கட்டலாம்" என்று காத்திருப்பதைவிட, ஆரம்பத்தில் கட்டுகிற சின்னக் காசுக்குத்தான் வலு அதிகம்.

எங்கள் கடனுக்கே, வட்டி மாறாமல் இருந்தால் கணக்கு இப்படி வரும்:

மாசம் 500 ரூபாய் கூடுதல் என்றால் 15 வருஷம் 10 மாசம்.
மாசம் 1,000 ரூபாய் கூடுதல் என்றால் 13 வருஷம் 4 மாசம்.
மாசம் 1,500 ரூபாய் கூடுதல் என்றால் 11 வருஷம் 7 மாசம்.

ஐந்நூறு ரூபாய்க்கு நாலு வருஷத்துக்கு மேல் மிச்சம். பார்த்தீர்களா?

காசு எங்கிருந்து வந்தது?

முதலாவது, என் தையல் காசு. கூலியை வீட்டுச் செலவில் கலக்கவே மாட்டேன். தனி டப்பாவில் போடுவேன். நூல், ஹூக், மெஷின் எண்ணெய் போக மாசம் எண்ணூறு, ஆயிரம் தேறும். மூன்று மாசத்துக்கு ஒரு முறை கொண்டுபோய்க் கடன் கணக்கில் கட்டிவிடுவேன்.

இரண்டாவது, தீபாவளி போனஸ். பாதி துணிமணிக்கும் பலகாரத்துக்கும். பாதி கடனுக்கு. குழந்தைக்குப் பண்டிகை இல்லாமல் பண்ணி என்ன கடன் அடைப்பு?

மூன்றாவது, வீட்டுச் செலவில் எது குறைந்தாலும் அந்தக் காசை நோட்டில் எழுதி டப்பாவுக்கு மாற்றுவது. 2015-ல் ஒரு சீட்டு முடிந்தது. அதற்குக் கட்டிய தொகையில் ஒரு பங்கு டப்பாவுக்கு. 2016 மே மாதம் முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று வந்தது. கரண்ட் பில்லில் குறைந்தது டப்பாவுக்கு. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும் அந்த பஸ் காசும் டப்பாவுக்கு. சின்னக் காசுதான். ஆனால் மிச்சமான காசுக்கு உடனே ஓர் இடம் காட்டாவிட்டால் அது எங்கே போனது என்றே தெரியாது.

எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு உத்தேசமாகப் பதினாறாயிரம் ரூபாய். அவ்வளவுதான். அதோடு நடுவில் சில வருஷம் வட்டி குறைந்ததும் கைகொடுத்தது. வட்டி குறைந்தபோதும் தவணையை அதே 5,990-ஆகவே கட்டி வந்தோம்.

பாங்கில் சொல்ல வேண்டியது

கூடுதல் பணம் கட்டும்போது ஒரு கேள்வி வரும்: "தவணைத் தொகையைக் குறைக்கணுமா, காலத்தைக் குறைக்கணுமா?" கேட்காமலும் இருப்பார்கள். நாமாகச் சொல்ல வேண்டும்: "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்க." இதை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டேட்மெண்டில் அசல் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில இடங்களில் இவ்வளவுக்குக் குறையாமல் கட்ட வேண்டும் என்று விதி இருக்கும். முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அபராதம் போடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் பாங்குகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்க் 2012 ஜூனிலேயே உத்தரவு போட்டுவிட்டது.

2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் நடுவில் ரிசர்வ் பாங்க் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.50 வரை உயர்த்தியது. அப்போது பல வீடுகளில் தவணை ஏறாமல் காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, கொஞ்சம் பணம் கட்டிக் குறைப்பதா என்று கடன் வாங்கியவர் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்க் சொன்னது. ஆகவே வருஷத்துக்கு ஒரு முறையாவது "கடைசித் தவணை எந்த மாசம்?" என்று கேளுங்கள்.

"வீட்டுக் கடனுக்கு வருமான வரிச் சலுகை உண்டு, அவசரப்பட்டு அடைக்காதே" என்றும் சிலர் சொன்னார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்களுக்கு அது சரி. வரியே கட்டாத எங்களுக்கு அதில் என்ன சலுகை?

சீருக்கு வந்த சோதனை

2016-ல் மகள் பெரியவளானாள். எங்கள் பக்கம் அந்தச் சீரை மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டிச் செய்வது வழக்கம். பாங்கிலிருந்தும் போன் வந்தது: ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், வீட்டின் பேரிலேயே இன்னும் ஒரு லட்சம் தருகிறோம் என்று. மாமியாருக்கு ஒரே ஆசை.

"ஒரே பேத்தி. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார்.

நான் நோட்டை எடுத்து வைத்தேன். "அத்தை, இந்த ஒரு லட்சம் நாம நாலு வருஷமாச் சேர்த்துக் கட்டினதைத் தின்னுட்டுப் போயிடும். உங்க மகன் காலைப் பாருங்க. ஒரு நாள் சாப்பாட்டுக்காக அவரு இன்னும் சில வருஷம் நிக்கணுமா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் முகம் கொடுக்கவும் இல்லை. மூன்றாம் நாள், "வாசல்லயே பந்தல் போடச் சொல்லு கண்ணு" என்றார். அறுபது பேரை அழைத்தோம். சொந்தத்தில் சிலர் குறையாகப் பேசினார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும். மகள் கையிலே அன்று கட்டிய பட்டுப் பாவாடை இன்னும் இருக்கிறது, கடன்தான் இல்லை.

எதைத் தொடக் கூடாது?

பாலையும் முட்டையையும் நிறுத்திக் கடனை அடைக்க வேண்டாம். அப்படி மிச்சம் பிடித்த காசு வைத்தியச் செலவாகத் திரும்பி வரும். பள்ளிக்கூடச் செலவையும், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் தொடக் கூடாது.

மூன்று தவணைக்கான பணம் எப்போதும் தனியாக இருக்க வேண்டும். நாங்கள் 18,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தோம். 2020-ல் ஊரடங்கு வந்து பட்டறை மூடியது. தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் பாங்க் முதலில் மூன்று மாசம், பிறகு மேலும் மூன்று மாசம் அனுமதி தந்தது. ஆனால் தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. வழியில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. எங்களுக்கு அந்த 18,000 இருந்ததால் தள்ளிப்போடாமல் கட்டினோம். நான் துணி மாஸ்க் தைத்து, எடுத்ததை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன்.

இன்னொன்று. கந்து வட்டி, குழுக் கடன், நகைக் கடன் என்று வீட்டுக் கடனைவிட அதிக வட்டிக்கு ஏதாவது இருந்தால் முதலில் அதை அடையுங்கள். நகையை அடகு வைத்து வீட்டுக் கடனைக் கட்டுவது ஒரு குழியைத் தோண்டி இன்னொரு குழியை மூடுகிற வேலை.

கடைசித் தவணைக்குப் பிறகு

பணம் கட்டி முடித்ததோடு வேலை முடிந்துவிடாது. கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அசல் பத்திரங்களை ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்து வாங்குங்கள். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; பாங்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்க் விதி. பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் பதிவு செய்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை ரத்து செய்து ரசீது பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்து, கடன் தீர்ந்தது பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் பிள்ளைகள் காலத்தில் சிக்கல் வரும்.

கடனை முன்கூட்டி அடைத்ததில் எங்களுக்கு மிச்சமான வட்டி உத்தேசமாக நாலு லட்சம் இருக்கும். அதைவிடப் பெரிய மிச்சம் ஒன்று உண்டு. காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டாக்டர் ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார். தவணை முடிந்த மாசத்திலிருந்து என் கணவர் ஓவர்டைம் பார்ப்பதை விட்டுவிட்டார். பட்டறையில் கேட்டு, உட்கார்ந்து அளவு சரிபார்க்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். அதில் சம்பளம் கொஞ்சம் குறைவுதான்; தவணை இருந்திருந்தால் அப்படிக் கேட்கவே முடியாது. மீதம் பிடிக்க முடிந்ததை மகளின் மேல்படிப்புக்காக ஆர்.டி.யில் போட்டு வருகிறோம்.

உங்கள் வீட்டிலும் கடன் இருந்தால், இந்த வாரமே ஸ்டேட்மெண்டை வாங்கிப் பாருங்கள். போன வருஷம் எவ்வளவு கட்டினோம், அதில் அசல் எவ்வளவு என்ற இரண்டு எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மாசம் இருநூறோ முந்நூறோ, முடிந்ததில் ஆரம்பியுங்கள்.