மறுத்த பின்னும் வழியுண்டு

‘தங்கள் விண்ணப்பத்துக்கு இணங்க முடியாமைக்கு வருந்துகிறோம்’ – நீண்ட உறையில் வரும் இவ்வரியைக் கண்டதும் மனமுடைந்து, கடிதத்தை அலுமாரியில் பூட்டிவிடுவோர் நம் கல்முனையிலும் உளர். அன்னார் இந்தியாவின் தரம்வீர் சிங் வழக்கை அறிந்திருத்தல் நன்று.

1985இல் சிப்பாயாகச் சேர்ந்த அவர், வலிப்பு நோயால் 20 சதவீத அங்கவீனமுற்று 1994இல் படையினின்று விலக்கப்பட்டார். நோய் உடலின் இயல்பால் வந்தது, சேவையால் விளைந்ததன்று எனக் கூறி, அங்கவீன இளைப்பாற்றுச் சம்பளம் மறுக்கப்பட்டது. வழக்காடினார், முதலில் வென்றார், பின்னர் தோற்றார். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நோக்கிய விடயம் எளியது. படையிற் சேர்த்தபோது நடந்த வைத்திய பரிசோதனையில் இந்நோய் குறிக்கப்பட்டிருந்ததா? இல்லை. ஆயின், சேவையிலேயே விளைந்ததெனக் கொள்ளவேண்டும். அன்றென நிறுவும் பொறுப்பு அரசினுடையது. வைத்தியச் சபையோ தன் முடிவுக்குக் காரணமே எழுதவில்லை! சம்பளம் அவருக்கு உரியதெனத் தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பு இலங்கை அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாதுதான். எனினும், மறுப்பின் காரணத்தைக் கேட்டறிதல் இங்கும் முதற்படியே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்டால், தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தல் வேண்டும். அங்கும் மறுத்தால், அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதெனில் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யத் தவணை ஒரு மாதமே. ஆதலின், உறையையும் எறிந்துவிடாதீர்கள். கடிதம் என்று அனுப்பப்பட்டது என்பதற்கு அதன்மேலுள்ள தபால் முத்திரையே சாட்சி.