பின்பக்கத்தைப் படியுங்கள்

தி. நகரிலும் மயிலாப்பூரிலும் மருந்துக் கடைகளில் அடுக்கியிருக்கும் சத்துப்பொடி டப்பாக்கள் பலவற்றின் முன்பக்கத்தில் 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். துணை உணவாக விற்கப்படும் டப்பாவைத் திருப்பினால், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரி பொடி எழுத்தில் தென்படும். அதை அச்சிடச் சொல்வது சட்டம். நம்ப வேண்டியதும் அதைத்தான். எதிர்ப்புச் சக்தி ஏற ஏற நல்லது என்ற கணக்கே தவறு என்பதற்கு இன்டர்ஃபெரான் என்ற புரதமே சாட்சி. 1957-இல் லண்டனில் விஞ்ஞானிகள் ஐசக்ஸும் லிண்டன்மனும் இதைக் கண்டறிந்தார்கள். வைரஸ் புகுந்த செல் இதை வெளியிடுகிறது. அக்கம்பக்கத்து செல்கள் உடனே உஷாராகி, வைரஸ் பெருகும் வழிகளை அடைக்கின்றன. இதற்குச் சரியான நேரமும் அளவும் வேண்டும். ஃப்ளூ காய்ச்சலில் உடம்பை முறித்துப்போடும் வலியிலும் அசதியிலும் இதற்குப் பங்கு உண்டு. எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளிகள் பலருக்கு இது அடங்காமல் சுரப்பதே தொல்லை. மறுபக்கம், 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கொரோனா முற்றிய 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. எந்தப் பொடி அதைச் சரிசெய்யும்?

இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஹெபடைட்டிஸ் சி நோய்க்குப் பல மாதங்கள் போட்டார்கள். வெள்ளணுக்கள் குறையும், மனச்சோர்வு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் கண்காணிப்பும் கூடவே இருந்தன. இன்று அந்நோய்க்கு மாத்திரைகள் வந்துவிட்டன; 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் அவை இலவசம். அவற்றைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. பொடியால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் மூலிகையைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது; ஆனாலும் கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சீந்திலைத் தொடக்கூடாது என்பேன்.

2020 ஆகஸ்டில், பதஞ்சலி நிறுவனத்தின் 'கொரோனில்' மருந்துப் பெயர் தொடர்பான வணிகக்குறி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, மக்களின் பயத்தில் லாபம் தேடுவதாகக் கண்டித்து அந்நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழக்குச் செலவுத்தொகை விதித்தார். அதில் பாதியை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குத் தரச் சொன்னார். மேல்முறையீட்டில் அதற்குத் தடை கிடைத்தது என்றாலும், நுகர்வோரின் கையில் வேறு வழிகள் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பில்லையும் டப்பாவின் இரு பக்கப் படங்களையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நோயைக் குணமாக்கும் என்றே ஒரு மருந்து மார்தட்டினால், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.