தலையும் பந்தும்

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு ஊக்கமும் அளிப்பது. விளையாட்டுகளுள் உலகெங்கும் பரவி விளங்குவது கால்பந்தாட்டம். இவ்வாட்டத்தில் உயரே வரும் பந்தைத் துள்ளி எழுந்து நெற்றியால் முட்டுதல் காண்போரை மகிழ்விக்கும் கலையாகும். எனினும், இளஞ்சிறுவர் அவ்வாறு முட்டலாகாது என இன்று சில நாடுகள் விதி வகுத்துள்ளன. அதன் காரணம் அறியத்தக்கது.

மூளை மண்டையோட்டினுள் ஒருவகை நீர்மத்தில் மிதந்தவண்ணம் உள்ளது. பெரியோர் ஆடும் பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை ஆகும். அது விரைந்து வந்து மோதுங்கால் தலை சட்டென அசைகின்றது. உள்ளிருக்கும் மூளையும் அசைகின்றது. அதனால் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடக்கூடும். ஒருமுறை முட்டுவதால் தீங்கு ஏதும் வெளிப்படாதிருக்கலாம். ஆனால், சிறுதுளி பெருவெள்ளம் அன்றோ?

இங்கிலாந்து அணியில் ஆடிய ஜெஃப் ஆஸ்டில் பந்தைத் தலையால் முட்டுவதில் வல்லவர். அவர் நினைவாற்றல் குன்றி, 2002-ஆம் ஆண்டு தம் 59-ஆம் வயதில் காலமானார். பந்தைப் பன்முறை முட்டியதால் மூளை நலிந்தது என்றும், அது தொழிலால் நேர்ந்த நோய் என்றும் மரண விசாரணையில் முடிவாயிற்று. ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடிய 7,676 பேரைப் பற்றிக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். அவர்களுள் இதயநோயால் இறந்தோர் ஏனைய மக்களினும் குறைவு. மூளை நலிவு நோயால் இறந்தோரோ ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி. பந்தை அரிதாகவே முட்டும் கோல்காவலரிடம் இந்நோய் மிகவில்லை என்பது 2021-ஆம் ஆண்டு தெரியவந்தது.

சிறுவர்க்கு உடலை நோக்கத் தலை பெரிது, கழுத்துத் தசைகள் வலுவற்றவை, மூளையும் வளர்பருவத்தது. ஆதலின், அமெரிக்க நாட்டுக் கால்பந்துக் கழகம் 2015-ஆம் ஆண்டு, 10 வயதும் அதற்குட்பட்டவர்களும் பந்தைத் தலையால் முட்டுவதை விலக்கியது. 11 முதல் 13 வயதினர்க்குப் பயிற்சியில் வரம்பு கட்டியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக் கழகங்கள் 2020-ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளிச் சிறுவரின் பயிற்சியில் இதனை நீக்கின. 2024-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் சிறுவர் போட்டிகளிலும் இது படிப்படியாக நீக்கப்பட்டு வருகின்றது.

இது வீரத்தைக் குறைப்பதாகுமோ? 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்றது. தலைக் காயத்தில் தையலுடன் ஆடிய ஜர்னைல் சிங் அவ்வாட்டத்தில் ஒரு கோல் போட்டார். அவர்தம் நெஞ்சுரம் போற்றத்தக்கது. ஆயினும், இன்று நாம் பின்பற்றத்தக்க வழி அதுவன்று. தலையில் அடிபட்டபின் தலைவலியோ மயக்கமோ வாந்தியோ தோன்றின், உடனே ஆட்டத்தை நிறுத்தி ஆசிரியரிடம் கூறுதல் வேண்டும். அதனை மறைப்பது வீரம் ஆகாது.

இலண்டனில் ஆடும் சிறுவனுக்கும், திருத்தணியை அடுத்த பள்ளிப்பட்டில் ஆடும் சிறுவனுக்கும் மூளையின் இயல்பு ஒன்றே. பந்தைக் காலால் அடக்குதல், தோழர்க்கு வழங்குதல், இடமறிந்து ஓடுதல் ஆகியவற்றை இளமையில் பயிலலாம். தலையால் முட்டும் திறனை உடல் முதிர்ந்தபின் முறையாகக் கற்கலாம். வேலி, பயிரைத் தடுப்பதற்கன்று, காப்பதற்கே. விதியும் அத்தகையதே.