ஒரு சன்னலா, மூன்று சன்னல்களா?

சிங்கப்பூரில் 2009-ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கட்டப்பட்ட கூட்டுரிமைக் குடியிருப்புகள் பலவற்றில் ஒருவகைச் சன்னலைக் காணலாம். அது சுவரோடு ஒட்டியிராமல் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் உட்புறத் திண்டில் அமர்ந்து புத்தகம் படிக்கலாம், பூந்தொட்டியும் வைக்கலாம். ‘பே விண்டோ’ எனப்படும் இதனைத் தமிழில் வெளிநீட்டுச் சன்னல் எனலாம். நடுவில் ஒரு கண்ணாடி, இருபுறமும் சாய்வாக இரண்டு கண்ணாடிகள் என மூன்று பகுதிகளைக் கொண்டிருப்பது அதன் வழக்கமான வடிவங்களுள் ஒன்று.

ஒரு காலத்தில், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால், இச்சன்னல் அடைத்துக்கொள்ளும் இடம் கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பில் சேர்க்கப்படவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அதுவும் தளப்பரப்பில் சேரும் என நகர மறுசீரமைப்பு ஆணையம் விதியை மாற்றியது. எதை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இஃது ஒரு சான்று. இதே சன்னலைக் கணினியில் வரையும்போது மற்றொரு கணக்குச் சிக்கலும் எழுகிறது.

இன்றைய கட்டடக் கலைஞர்கள் வெறும் கோடுகளை மட்டும் வரைவதில்லை. ‘ரெவிட்’ போன்ற மென்பொருள்களில் முழுக் கட்டடத்தையும் முப்பரிமாண மாதிரியாக உருவாக்குகிறார்கள். அம்மாதிரியில் உள்ள ஒவ்வொரு கதவும் சன்னலும் தன் நீளம், அகலம், பொருள் ஆகிய தகவல்களைச் சுமந்திருக்கும். சிங்கப்பூரில் 2015-ஆம் ஆண்டு முதல், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடத் திட்டங்களை இத்தகைய மாதிரிகளாகவே மின்னியல் முறையில் சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

மாதிரி தயாரானதும் மென்பொருள் தானாகவே ஓர் அட்டவணையைத் தரும். எத்தனை சன்னல்கள் உள்ளன, ஒவ்வொன்றின் அளவு என்ன என்பதை அதில் காணலாம். குத்தகையாளர் விலை சொல்வதும் தொழிற்சாலை கண்ணாடியை வெட்டுவதும் இதுபோன்ற அட்டவணைகளைக் கொண்டுதான்.

தட்டையான சன்னல் என்றால் சிக்கலில்லை. ஒரு சன்னலுக்கு ஒரு வரி. வெளிநீட்டுச் சன்னலோ மூன்று சன்னல்கள் சேர்ந்த ஒரு சன்னல். அதனை வரைந்த முறையைப் பொறுத்து அட்டவணையில் தோன்றும் எண்ணிக்கையும் மாறுகிறது.

மூன்று பகுதிகளையும் ஒரே பொருளாக இணைத்தால், அட்டவணையில் ‘1’ என வரும். வெளிச்சட்டம் ஒரு சன்னலாகவும் அதனுள் இருக்கும் பகுதிகள் தனித்தனியே பதிவாகும் சன்னல்களாகவும் அமைக்கப்பட்டால், ‘4’ என வரும். வெளிச்சட்டத்தைச் சன்னல் என்று வகைப்படுத்தாமல் விட்டால், ‘3’ என வரும். சன்னலுக்குப் பதிலாகக் கண்ணாடிச் சுவராக வரைந்துவிட்டால், சன்னல் அட்டவணையில் அது இடம்பெறவே இடம்பெறாது!

இவற்றுள் எது சரி? அது கேட்பவரைப் பொறுத்தது. சுவரில் திறப்பு விடும் கொத்தனாருக்கு ஒன்று என்பதே சரி. கண்ணாடி வெட்டுபவருக்கு மூன்று என்பதே சரி. நான்கு என்பது யாருக்கும் பயன்படாது. 80 வீடுகளைக் கொண்ட கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு வெளிநீட்டுச் சன்னல் இருப்பதாகக் கொள்வோம். தேவைப்படும் திறப்புகள் 80, கண்ணாடிகள் 240. அட்டவணையோ 320 என்று காட்டும். அதை அப்படியே நம்பினால் 80 சன்னல்களுக்கான பணம் வீணாகும்.

எண்ணிக்கையைப் போலவே அளவிலும் கவனம் தேவை. நடுக்கண்ணாடியின் அகலம் 1.5 மீட்டர், பக்கக் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் 0.6 மீட்டர், உயரம் 1.5 மீட்டர் என வைத்துக்கொள்வோம். பக்கக் கண்ணாடிகள் சுவரோடு 60 பாகை கோணத்தில் சாய்ந்திருந்தால், முன்புறமிருந்து பார்க்கும்போது ஒவ்வொன்றும் 0.3 மீட்டர் அகலமாகவே தெரியும். எனவே, சுவரின் திறப்பு 2.1 மீட்டர்தான்; கண்ணாடிகளின் மொத்த அகலமோ 2.7 மீட்டர். திறப்பின் அகலத்தைக் கொண்டு கண்ணாடியின் பரப்பைக் கணக்கிட்டால், ஒரு சன்னலுக்கு 0.9 சதுர மீட்டர் குறையும். 80 வீடுகளுக்கு அது 72 சதுர மீட்டர்!

இதற்குத் தீர்வு கடினமன்று. முதலில், வெளிச்சட்டத்திற்கு ‘முழுச் சன்னல்’ என்றும் உள்ளே இருப்பவற்றுக்குப் ‘பகுதி’ என்றும் மாதிரியிலேயே அடையாளம் இட வேண்டும். பிறகு, அந்த அடையாளத்தைக் கொண்டு வடிகட்டி, திறப்புகளுக்கு ஓர் அட்டவணையும் கண்ணாடிகளுக்கு மற்றோர் அட்டவணையும் தயாரிக்க வேண்டும். திறப்பின் அகலம், நடுக்கண்ணாடியின் அகலம், பக்கக் கண்ணாடியின் அகலம், சாய்வுக் கோணம் ஆகியவற்றைத் தனித்தனி நிரல்களில் காட்ட வேண்டும். அட்டவணைக்கு அருகில் முன்புறத் தோற்றத்தோடு மேலிருந்து பார்க்கும் தோற்றத்தையும் வரைந்து காட்டினால், சாய்வு எவ்வளவு என்பது பார்ப்பவருக்கு உடனே விளங்கும்.

இறுதியாக ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. ஒரு மாடியில் உள்ள சன்னல்களைக் கையால் எண்ணி, மாடிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். கணினி கூட்டலில் தவறுவதில்லை. ஆனால், எதை ஒன்று எனக் கொள்ள வேண்டும் என்பதை அதற்குச் சொல்ல வேண்டியவர் மனிதரே.